மூன்றரை அங்குலம்

நகராட்சி வாடகை உரிமப் பிரிவு,
இரண்டாம் மாடி, லிஃப்டுக்கு எதிரே,
கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அம்மணிக்கு:

இத்துடன் காசோலை. நூற்று நாற்பது டாலர்,
மறுசோதனைக் கட்டணம்.
முதல் சோதனைக்கு அனுப்பியது வேறு.
உரிமத்துக்கு அனுப்பியது வேறு.
அதைத் தாமதமாக அனுப்பியதற்கு
அபராதமாக அனுப்பியது வேறு.
தாமதம் ஏனென்று மூன்று முறை சொல்லிவிட்டேன்:
என் அஞ்சல்பெட்டியைப் பனிவண்டி இடித்துச் சாய்த்துவிட்டது.
உங்கள் பனிவண்டி.

என் பெயர் இல்மா ரவ்டியோ. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
இருப்பது ஒரே வீடு, ஏரிக்காற்று நேராக மோதும் தெருவில்.
கீழே நான். மேலே ரோண்டா போலியூவும் அவள் மகனும்.
உங்கள் படிவத்தில் என்னை
'முதலீட்டாளர்' என்று அச்சிட்டே அனுப்புகிறீர்கள்,
அடித்துத் திருத்த இடம் விடாமல்.
முதலீட்டாளர் போன செவ்வாய்க்கிழமை
மேல்வீட்டுக் கழிப்பறைக்குள் முழங்கைவரை கைவிட்டு
ஒரு பச்சை டைனோசரை மீட்டார்.
அதற்கு இன்னும் கட்டணம் வைக்கவில்லை நீங்கள்.
சொல்லித் தொலைத்துவிட்டேனோ?

சோதனைக்கு வந்த ஹால்வர்சன் நல்ல மனிதர்.
வாசலில் பூட்ஸைக் கழற்றினார், காலுறையில் ஓட்டை.
படிக்கட்டுக் கைப்பிடியின் நுனி
சுவரைத் தொடாமல் நிற்கிறது என்றார்.
பதினோரு டாலர்த் துண்டு, நானே பொருத்தினேன்.
பொருத்தியதை அவர் வந்து பார்க்கத்தான் இந்த நூற்று நாற்பது.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

பிறகு சின்ன அறையின் ஜன்னலை அளந்தார்.
மறுபடியும் அளந்தார்.
மூன்றரை அங்குலம் குறைவு.
"இது படுக்கையறை ஆகாது" என்றார்.
"வேறென்ன?"
"சாமான் அறை என்று எழுதிக்கொள்ளலாம்."
கட்டிலில் உட்கார்ந்து
கால்களை ஆட்டிக்கொண்டிருந்தான் எமெட், ஆறு வயது.
சாமான் எங்கே என்று
கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

சுவரை அறுக்க அனுமதி.
அனுமதிக்கு வரைபடம். வரைபடத்துக்கு முத்திரை.
முத்திரை போடுகிறவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.
அறுத்தபோது நூறு வருஷத்து மரத்தூள்
கட்டில்மேல் கொட்டிக்கொண்டே இருந்தது,
அள்ளி மாளவில்லை.

டிசம்பரிலிருந்து வாடகையில் நாற்பது டாலர் கூட்டினேன்.
ரோண்டா ஒன்றும் சொல்லவில்லை.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
வாரத்தில் இன்னொரு இரவு கேட்டு வாங்கிக்கொண்டாள்.
அந்த இரவுகளில் எமெட் கீழே என் சோபாவில்.
உங்கள் கட்டணப் பட்டியலை
முன்னும் பின்னும் புரட்டிவிட்டேன்.
இது எந்த வரிசையில் வருகிறது?

விதியைத் தப்பென்று சொல்லமாட்டேன்.
தினமும் காலை ஐந்தரைக்கு, இருட்டில்,
நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை ஏற்றுமுன்
பேருந்தின் பின்கதவைத் தள்ளிப் பார்க்கிறேன்,
திறக்கிறதா என்று.
தள்ளிப் பார்த்ததற்கு ஒருவரும் ரசீது நீட்டியதில்லை.

நேற்று அப்படித்தான் கிளம்பும் நேரம்,
கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
மேலேயிருந்து "இல்மா!" என்று குரல்.
முகப்புக் கூரைமேல் பைஜாமாவோடு எமெட்,
பச்சை டைனோசரைத் தூக்கிப் பிடித்தபடி.
புது ஜன்னல் பின்னால் ஆவெனத் திறந்து கிடந்தது.
"இப்ப நான் சாமான் இல்லைதானே?"
ஏணியைத் தேடி ஓடினேன்.
வழியில் எத்தனை கெட்ட வார்த்தை சொன்னேன்,
அதில் எத்தனை உங்களுக்கு என்று எண்ணவில்லை.

ஹால்வர்சனிடம் சொல்லுங்கள்:
ஜன்னல் வேலை செய்கிறது.

ரசீது வேண்டும்.
அஞ்சல்பெட்டி இன்னும் நிமிரவில்லை.
தபால்காரரைக் கதவிடுக்கில் செருகச் சொல்லுங்கள்,
இடுக்கு எத்தனை அங்குலம் என்று
யாரும் அளக்காதவரை.