நூற்று முப்பத்திரண்டு

பெப்ரவரியின் கடைசிச் சனி.
கிங்ஸ்ரன் வீதிக் கார்க்கடை முற்றத்தில்
உப்பும் பனியும் குழைந்த சேற்றில்
மூன்று இருக்கைகளை இறக்கி வைத்திருக்கிறோம்.
இயலினியின் கைபிடி போன உயர இருக்கை.
ஆரூரனுடையது, மடிப்புக்குள்
பிஸ்கற் தூளும் ஒரு பச்சை மாபிளும்.
ஏப்ரலில் வரப்போகிற ஆளுக்கு
மச்சாள் கழுவித் தந்தது,
இன்னும் யாருடைய வாசமும் இல்லாமல்.

வான் ஒன்றை எடுக்கலாமே என்கிறான் றொமெல்.
எடுக்கலாம்.
எங்கள் கட்டிடத்தின் நிலக்கீழ் இரண்டாம் தளத்தில்
நாற்பத்தேழாம் கட்டத்தின் இரு பக்கமும் தூண்.
தூண் அசையாது.
மாதக் கடைசியில் எங்கள் கணக்கும் அசையாது.

சட்டைத்துணி அளக்கிற நாடாவைக்
கைப்பையில் இருந்து எடுக்கிறேன்.
நாற்பத்துநாலு, நாற்பத்தாறு, நாற்பத்திரண்டு.
கூட்டினால் நூற்று முப்பத்திரண்டு சென்ரிமீற்றர்.
சிவப்புக் காரின் பின்னிருக்கை நூற்றிருபத்தேழு.
வெள்ளை, நூற்று முப்பது.
"ரெண்டுதானே, அமத்தினால் போகும்"
என்கிறான் கிருபன்.
எதை அமத்த?
எந்தப் பிள்ளையை?

மனமொத்தால் புளியமிலையிலும்
இருவர் படுக்கலாமாம்.
சொன்னவருக்கு மூன்றாவது பிறக்கவில்லை.
இங்கே ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும்
மேப்பிள் இலை முத்திரை ஒட்டியிருக்க வேண்டும்.
புளியமிலையைப் பொலிஸ் ஏற்காது.

கடைசியில் ஒரு சாம்பல் நிறக் கார்.
முந்தி வைத்திருந்தவர் தொங்கவிட்ட
பைன்மர அட்டை இன்னும் மணக்கிறது.
நூற்று முப்பத்துமூன்று.
ஆனாலும் மூன்றும் தோளோடு தோள் முட்டி நிற்க,
றொமெல் ஈரத்தில் முழங்கால் ஊன்றி
நடுவிலிருந்ததைத் திருப்பிப் போடுகிறான்.
குழந்தையின் இருக்கை பின்பக்கம் பார்த்தது.
ஒன்றின் அகலம் மற்றதன் ஒடுக்கத்துக்குள்
சத்தமில்லாமல் போய் இருந்துகொண்டது,
ஒரே பாயில் தலைமாறிப் படுத்த
பிள்ளைகள் மாதிரி.

பட்டியின் கொளுவி மட்டும் இடுக்குக்குள் ஆழத்தில்.
கிருபனின் கை போகவில்லை. என் கையும் போகவில்லை.
இயலினி கையுறையைப் பல்லால் கழற்றி
உள்ளே விட்டாள்.
டிக்.

"அப்ப அம்மா எங்க இருக்கிறது?"
என்று கேட்டான் ஆரூரன்.

ஆறு வருடம்.
ஆஸ்பத்திரியில் இருந்து இயலினியைக் கொண்டுவந்த
அந்த இரவில் இருந்து
என் இடம் பின்னால்தான்.
பிறகு இரண்டு நாற்காலிக்கு நடுவில்,
ஒரு கை பாற்போத்தலில், ஒரு கை யாரோ ஒருவர் வாயில்.
கிருபனின் பிடரியை அவனைவிட எனக்குத் தெரியும்:
மச்சம், தலைமயிர் வெட்டுகிறவர் விட்ட பிழைகள்,
வேலை போன மாதத்தில் தோள்கள் ஏறி நின்ற உயரம்.
நாங்கள் சண்டை பிடித்ததும்
கண்ணாடிக்குள் தெரிந்த
பாதி முகத்தோடு பாதி முகம்.

இப்போது முன்கதவைத் திறக்கிறேன்.
யாரோ நெட்டை மனிதருக்காகப்
பின்னே தள்ளி வைத்த இருக்கை.
பட்டியை வயிற்றுக்குக் கீழே இழுத்துக் கொளுவுகிறேன்.
கால் நீட்ட இடம் இருக்கிறது,
அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

கிருபன் பழக்கத்தில் கண்ணாடியைப் பார்த்து
"போவமா?" என்றான்.
அங்கே ஒரு வெறும் தொட்டிலின் முதுகு.
பிறகுதான் பக்கம் திரும்பினான்.
என்னைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டது போலவும் இருந்தது.

மோர்னிங்சைட் சந்தி மட்டும் ஓட்டிப் பார்க்க அனுமதி.
முன்கண்ணாடி முழுக்க வானம்,
உப்பு வெளுத்த தார்,
ஒரு பாரவண்டியின் சிவப்பு விளக்குகள்
இவ்வளவு பெரிதாக, இவ்வளவு கிட்ட.

"கிருபன், பிரேக்!
ஆறு வருசமா
இப்பிடியே ஓடினனீ?"