3114

மேலப்பாளையத்தில் மசூது கடை வாசலில்
ஜாக்கி ஏறி நிற்கிறது என் வண்டி,
ஒரு கால் தூக்கிய நாய் மாதிரி.

ஒற்றை ரூபாயைப் பள்ளத்தில் சொருகிப் பார்த்தவர்
"மொட்டை ஆயிட்டு மேடம்" என்றார்.
முன் இடதில் உள்விளிம்பு மட்டும் கூடுதல் தேய்மானம்.
"எங்கயோ குழில விட்டிருக்கிய."
மூலைக்கரைப்பட்டி சாலை, ஐப்பசி மழை,
வாக்காளர் பட்டியல் முடித்துத் திரும்பிய இரவு.
நான் சொல்லவில்லை. டயர் சொல்லிவிட்டது.

அகலமானது ஒன்றை உருட்டி வந்தார்.
"பாக்க எடுப்பா இருக்கும். பெட்ரோல் குடிக்கும்."
பழைய அளவே போதும்.

பிறகு டிக்கியைத் திறந்தார்.
ஸ்டெப்னி ரோட்டைத் தொட்டதே இல்லை,
அதன் ரப்பர் பூனைமுடிகூட உதிரவில்லை.
ஓரத்தில் நான்கு இலக்கம்: 3114.
பதினாலாம் வருசம், முப்பத்தொன்றாவது வாரம்.
கட்டைவிரலால் அழுத்தினார்;
பொடிப்பொடியாய் வெடிப்பு.
"சும்மா கெடந்தாலும் வயசாவும்லா."

அந்த ஆடியில்தான் ஒருவருக்கு எழுதினேன்,
இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று.

இரண்டு வாங்கப் போனவள் மூன்று வாங்கினேன்.
அலைன்மென்ட் தனிக் காசு.
காற்று முப்பத்திமூணு,
வண்டி சூடாவதற்கு முன் பார்க்க வேண்டுமாம்.

குலவணிகர்புரம் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால்
ஸ்டியரிங்கிலிருந்து கையெடுத்துப் பார்த்தேன்,
ஒரே நொடி.
இடப்பக்கம் இழுக்கவில்லை.