மெய்யெழுத்து

சாஸ்கடூனில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
ஆய்வகத்தில் முப்பத்தேழு, அதுவும்
இன்குபேட்டர் கதவுக்கு உள்ளே மட்டும்.
அங்கே கிடக்கின்றன என் கல்லீரல் செல்கள்,
யாருடைய கல்லீரலோ.

மூளைக்கான ஒரு மரபணு அவற்றிடமும் உண்டு.
சினாப்சின்.
நரம்பு நுனியில் குமிழிகளைக்
கட்டிப்போட்டு வைத்திருந்து
சமிக்ஞை வந்ததும் அவிழ்த்துவிடும் புரதம்.
பதின்மூன்று துண்டாக எழுதப்பட்டிருக்கிறது.
இரண்டு துண்டுகளுக்கு நடுவே
வேறொரு மரபணு குடியிருக்கிறது,
தலைமாடு கால்மாடு மாற்றிப் படுத்துக்கொண்டு,
வாடகை தராமல்.

கல்லீரலுக்கு எதற்குச் சினாப்சின்?
அதனால்தான் வாசலில்
இருபத்தொரு எழுத்தில் ஒரு தடை.
அதன்மேல் ஒரு காவல் புரதம் வந்து உட்காரும்,
மெய்யெழுத்தின் தலையில் புள்ளி போல.
எழுத்து இருக்கும். ஒலி எழாது.
தோல், குடல், மண்ணீரல், உள்ளங்கால்,
மெய் முழுக்கப் புள்ளி.
நரம்புக்கு மட்டும் விலக்கு.

ஓலையில் எழுதியவர்கள்
கிழியுமென்று புள்ளியை விட்டுவிடுவார்களாம்.
படிப்பவர் ஊகித்துக்கொள்வார்.
செல்லுக்கு ஊகிக்கத் தெரியாது.
நவம்பரில் அந்த இருபத்தொன்றைக் கலைத்தேன்.
பின்னால் மின்மினிப் பூச்சியின் மரபணுவை ஒட்டினேன்,
வாய் திறந்தால் வெளிச்சம் வரட்டுமென்று.

இரவு ஒன்பது நாற்பது.
புள்ளி வைத்த தட்டு: நூற்றுப் பன்னிரண்டு.
புள்ளி எடுத்த தட்டு: ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
தட்டு மாறிவிட்டதென்று நினைத்தேன்.
மூடியில் என் கையெழுத்தைப் பார்த்தேன்.
மறுபடி அளந்தேன்.
பேசுகிறது கல்லீரல்,
தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சொல்லை.

எனக்குத் திக்குவாய்.
அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.
கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி அலுத்துவிட்டது,
அதைச் சொல்லவும் நேரமாகிறது.

பஸ் நிறுத்தத்தில் ஹாலினா,
கண்ணாடிக் குடுவைகள் கழுவும் பிரிவு,
இமை மயிரில் பனி.
"என்ன, முகமே ஒரு மாதிரி இருக்கு?"

சொல் தயாராகத்தான் இருந்தது,
தொண்டைக்கு இந்தப் பக்கம், வரிசையில்.
வெறும் ஆவி வந்தது. மறுபடியும் ஆவி.
எல்லோரையும் போல
அவள் என் வாக்கியத்தை முடித்துத் தரவில்லை.
கையுறையைக் கழற்றினாள், மாட்டிக்கொண்டாள்.
பஸ் வந்து கதவைத் திறந்து
கொஞ்சம் பார்த்துவிட்டு
மூடிக்கொண்டு போனது.

"எரிந்தது," என்றேன்.

"எது?"

அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருந்தது.