மருந்துக்கும் இல்லை

காலை ஏழு மணிக்கு
இன்குபேட்டரைத் திறந்தால்
திராட்சை மணக்கிறது.

முகரக் கூடாது என்பது விதி.
அது மூக்குக்குத் தெரியாது.
தட்டின் அடியில் என் கையெழுத்து:
சளி, தீவிர சிகிச்சை, ஏழாம் கட்டில்.
சூடோமோனாஸ்.
செம்பில் ஏறிய களிம்பு மாதிரிப் பச்சை
(பூசி ஆற்றுகிற களிம்பல்ல).

அதன்மேல் நேற்று நான் வைத்த
காகிதப் பொட்டுகள் பன்னிரண்டு,
பொட்டுக்கு ஒரு மருந்து.
மருந்து வென்றால் சுற்றிலும்
வெறும் வட்டம் ஒன்று விழும்,
கிருமி எட்ட நிற்கும்.
அந்த வெறுமையை ஸ்கேல் வைத்து அளப்பதுதான்
தெசலோனிகியில் பதினெட்டு வருடமாக
என் பிழைப்பு.

இன்று அளக்க ஒன்றுமில்லை.
பொட்டின் விளிம்புவரை வந்து
முட்டி நிற்கிறது பச்சை.
வெறுமை
மருந்துக்கும் இல்லை.

எதிர்க்கிறது என்பதைக் குறிக்க ஓரெழுத்து.
ஆர் என்று பன்னிரண்டு முறை எழுதினேன்.
எழுதி முடித்துப் பார்த்தால்
கேள்வி மாதிரி இருக்கிறது.
ஆர்?
ஆர் கொடுத்தது இதற்கு இத்தனை பயிற்சி?
தும்மலுக்கு மாத்திரை கேட்டவர்,
சீட்டுக் கேட்காமல் எடுத்து நீட்டியவர்,
மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதென்று
மீதியை மேசை இழுப்பறையில் போட்டவர்.
போன பிப்ரவரியில்
அந்த இழுப்பறை என்னுடையது.

ஸ்டெர்கியோஸ் மாடியிலிருந்து கூப்பிட்டான்.
"எவந்தியா, ஏதாவது?"
"கொலிஸ்டின் மட்டும் பாக்கி. நாளைக்குத் தெரியும்."
"அது சிறுநீரகத்தை விலையாகக் கேட்கும்."
"தெரியும்."
"இவரிடம் பாதிதான் இருக்கிறது."

பிறகும் அவன் போனை வைக்கவில்லை.
பேர் அர்கீரிஸ் என்றான்,
நாவுசாவில் திராட்சைத் தோட்டம்.
டிராக்டர் கவிழ்ந்து நான்கு விலா.
எலும்பு கூடிவிட்டது.
மூச்சுக்கு வைத்த குழாய் வழியே
ஒன்பதாம் நாள் இது இறங்கியிருக்கிறது.
மகன் தினமும் வருகிறானாம்,
கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று
டாக்டரிடமே கேட்கிறானாம்:
இனிப்பு ஏறிவிட்டது,
மழை வரும் என்கிறார்கள்,
பறிக்கட்டுமா,
அப்பா எழும்வரை பொறுக்கட்டுமா?

திராட்சைத் தோட்டம் என்று
அவன் சொல்லியிருக்க வேண்டாம்.

மதியம் வேறு குப்பிகள் வந்தன.
கட்டில் கம்பி, திரைச்சீலை, கீபோர்டு,
வென்டிலேட்டர் குமிழ்.
எல்லாம் சுத்தம்.
தொட்டியின் வடிகால் மட்டும் மறுநாள்
அதே பச்சை, அதே மணம்.
கை கழுவும் தொட்டி.
நாங்கள் கழுவக் கழுவ
அது கீழே இருட்டில்
குடும்பம் நடத்தியிருக்கிறது.
ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்:
அந்த வார்டில் யாரும் அவரைக்
கைகழுவி விடவில்லை.
ஸ்டெர்கியோஸ் மூன்று இரவு வீட்டுக்குப் போகவில்லை.

கொலிஸ்டின் தட்டும் அதே காலையில் பேசியது.
முதலிரண்டு குழிகள் கலங்கல்.
மூன்றாவது
கோடையின் கடல் போலத் தெளிந்திருந்தது.
வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தேன்.
தெளிவுதான்.
ஓடிப்போய் போன் செய்தேன்,
நான் ஓடுகிற ஆள் இல்லை.

எடுத்தது புது நர்ஸ்.
"ஏழாம் கட்டிலா?
எந்த ஏழாம் கட்டில்?"

இப்போது அங்கே
கலமரியாவிலிருந்து வந்த ஒரு பெண்,
பித்தப்பை அறுவை.
தொட்டியைப் பெயர்க்க
பிளம்பர் பதினொன்றுக்கு வருவானாம்.
முடிவை என்ன செய்ய என்று கேட்டேன்.
பதிவு செய்யுங்கள் என்றாள்.
பதிவு செய்தேன்:
கொலிஸ்டின், கேட்கும்.

வெள்ளிக்கிழமை வரை மழை.
சனிக்கிழமை மாடிக்கு மரப்பெட்டி ஒன்று வந்ததாம்,
எல்லோருக்கும் பங்கிட்டு
ஆய்வகத்துக்கும் ஒரு கொத்து அனுப்பியிருந்தார்கள்.
கறுப்புப் பழம், மேலே சாம்பல் படலம்,
காம்பு இன்னும் பச்சை.

சீட்டு எதுவும் இல்லை.
மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பறித்துவிட்டான் போலிருக்கிறது.