காற்று போதவில்லை

கட்டபெட்டு தாண்டி மூன்றாவது வளைவில்
சிக்னல் இரண்டு கோடு வரும்.
டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு
ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு
மதகுச் சுவரில் உட்கார்ந்து
ஜெர்மன் படிக்கிறேன்.

லைப்சிக்கில் டோரிஸ் டீச்சருக்கு இன்னும் பகல்.
அவர்கள் ஊரில் டீக்கு டே.
டே என்கிறார்.
டே என்கிறேன்.
இல்லை, காற்று போதவில்லை என்கிறார்.
பிறந்ததே கொழுந்து வாடையில்,
எனக்கு டீ சொல்ல வரவில்லை.

உதட்டைப் பார் என்கிறார்.
பார்க்கிறேன்.
உதடு சதுரம் சதுரமாக உடைகிறது.
குரல் வந்து சேர்ந்த பிறகு
வாய் வருகிறது.
எட்டு வாரமாக அதே டே, அதே இல்லை.

ஜனவரி. புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் உறைபனி.
எடைக் கொட்டகையில் சுசாந்தி திர்க்கி,
கும்லாவிலிருந்து வந்து ஏழு மாதம்,
கட்டைவிரலில் கவாத்துக் கத்தி வெட்டு.
நான் கட்டுப் பிரிக்கும்போது
வலி தெரியாமலிருக்க
ஒரு சொல் கேட்பாள், ஒரு சொல் கொடுப்பாள்.

கொளுந்து என்றாள்.
ழு, ழு என்றேன்.
(எங்கள் லைனிலேயே பாதிப் பேருக்குக் கொளுந்துதான்.
அதை அவளிடம் சொல்லவில்லை.)
வாயைத் திறக்கச் சொல்லி
என் நாக்கு எங்கே மடங்குகிறதென்று
பல் டாக்டர் மாதிரி எட்டிப் பார்த்தாள்.

என் முறை. சாப்பாடு ஆச்சா என்று கேட்க நினைத்து
கானா என்றேன்.
அவள் சிரித்த சிரிப்பில் கட்டு நழுவியது.
ஒரு கண்ணைப் பொத்திக் காட்டினாள்.
நான் சொன்னது ஒற்றைக்கண்ணனை.
எங்கள் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே க.

முகத்தருகே வந்து
இரண்டையும் மெதுவாகச் சொன்னாள்.
ஒன்றுக்கு எதுவுமில்லை.
மற்றதற்கு
அவள் வாயிலிருந்து வெள்ளையாய் ஒரு பொதி
புறப்பட்டு வந்து என் மூக்கில் முட்டியது.
ராத்திரிச் சாப்பாட்டுப் பூண்டு.

அட, காற்று.
கண்ணால் பார்க்கிற சமாசாரமா இது!

அன்றிரவு மதகுச் சுவரில்
போனை வாய்ப்பக்கம் பிடித்து
சுசாந்தியின் க-வில் இருந்ததை
ட-வில் வைத்து ஊதினேன்.
டே.

திரை வெளுத்தது.
இரண்டு நொடி கழித்து, மங்கலுக்குள்ளிருந்து,
சரி, மிகச் சரி என்றார் டீச்சர்.
ஆனால் உன் முகம் தெரியவில்லையே,
அங்கே பனிமூட்டமா?

இல்லை என்பதற்குச் சொல் தெரியும்.
சொன்னேன்.
மூச்சு என்பதற்கு
இன்னும் பாடம் வரவில்லை.