காலி வண்டி எடை

சிப்காட் ரோட்டு எடைமேடைக் கூண்டுக்குள்
பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.
முதலில் காலி வண்டி. பிறகு பாரத்தோடு.
கழித்தால் வருவதுதான் சரக்கு.
என்னை யாரும் கழித்துப் பார்த்ததில்லை,
மஞ்சக்குப்பம் டாக்டர் ஜைனப் பார்க்கும்வரை.

தொண்ணூற்றாறு புள்ளி நாலு.
வெறும் வயிற்றில் இருநூற்றுப் பதினெட்டு.
"மாத்திரையைக் கூட்டலாம். இல்லை,
உங்களைக் குறைக்கலாம்."
எண்ணூறு கலோரி, எண்பத்துநாலு நாள்.
மூன்று வேளையும் மாவு கரைத்த டம்ளர்,
ராத்திரி கூடவே ஒரு கிண்ணம் சுரைக்காயோ கீரையோ.
ஒரு மாத்திரையை அன்றைக்கே நிறுத்தினார்.
இன்னொன்றைப் பாதியாக்கினார்.
வாரம் தவறாமல் வரணும், தலை சுற்றினால் போன் பண்ணணும்,
தின்றதையெல்லாம் எழுதணும் என்று
ஒரு டைரியும் கொடுத்தார், போன வருஷத்தது.

மூன்றாம் நாள் தலைவலி.
ஒன்பதாம் நாள் வந்ததை இங்கே சொல்வதற்கில்லை,
வரவில்லை என்பதுதான் சேதி.
பதினைந்தாம் நாள் குளிர்.
அக்னி நட்சத்திரத்தில், கடலூரில்,
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ரசீது கிழித்தவன் நான்தான்.
கொளஞ்சி சிரித்த சிரிப்பில்
மேடைமேலேயே லாரி ஆஃப் ஆகிவிட்டது.

அவன் பண்ருட்டியிலிருந்து பலா ஏற்றி வருகிறவன்.
வைகாசியில் அந்த லாரி உள்ளே நுழைந்தால்
கம்பெனிகளின் மருந்து நாற்றம்கூட ஒதுங்கி வழிவிடும்.
வழக்கம்போல ஒரு பழத்தைப் பிளந்தான்.
வாழையிலையில் ஆறு சுளை.
வேண்டாம் என்றேன்.
"ஒண்ணும் பண்ணாதுண்ணே" என்று
ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.
நாலரை மணிநேரம், ஆறு சுளையும் நானும்.
ஈக்கள் வந்தன.
அவற்றுக்கு யாரும் டைரி கொடுக்கவில்லை.
ஐந்து மணிக்கு ஒன்றைத் தின்றேன்.
'பலாச்சுளை, ஒன்று' என்று எழுதினேன்.
அடித்தேன்.
அடித்ததன் மேலேயே மறுபடி எழுதினேன்.

வீட்டில் அஞ்சலாட்சி தாளிப்பதை விட்டுவிட்டாள்.
கடுகு வெடித்தால் நான் வந்து நிற்கிறேனாம்,
வாசலில் மாடு நிற்கிற மாதிரி.
நெத்திலி வாங்குவதில்லை.
ஊருக்குப் போயிட்டீங்களா என்று
முதுநகர் மீன்காரம்மா கேட்டாளாம்.

முப்பத்தெட்டாம் நாள் ராத்திரி விழித்தேன்.
அடுப்படியில் விளக்கில்லை.
இருட்டில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள்.
அப்பளத்தைக் கடிக்கவில்லை.
நாக்கில் வைத்து
ஊறும்வரை காத்திருந்து
விழுங்கினாள்.
நான் திரும்பிப் படுத்து
தூங்குகிறவன் மூச்சை விட்டுக்கொண்டிருந்தேன்,
அவள் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்வரை.

காலையில் சொன்னேன்:
"இனிமே என் எதிர்லயே சாப்பிடு. அப்பளம் பொரி."
"உங்களுக்குப் பசிச்சா?"
"பசிக்கும்."
வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.
அன்று ராத்திரி அவள் அப்பளத்தை நொறுக்கிய சத்தத்தை
டம்ளரைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டேன்.
இரண்டாவதை அவள் எடுக்கவில்லை. எடு என்றேன்.

இன்று எண்பத்தொன்று.
எண்பத்துமூன்று கிலோ, நூற்றுப் பதினொன்று.
பெல்ட்டில் ஆணியால் அடித்த புது ஓட்டை நாலு.
டாக்டர் சிரித்தார், ஆனால் பேனாவை மூடவில்லை.
"இறங்கிட்டீங்க. அங்கேயே நிக்கணும்,
அது எண்பத்துநாலு நாள் கணக்கில்லை."

மத்தியானம் வண்டி இல்லாத நேரம்
கூண்டைவிட்டு இறங்கி
அறுபது டன் மேடையின் நடுவில் போய் நின்றேன்.
சித்திரையிலும் ஒருநாள் நின்று பார்த்தேன், நூறு என்றது.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்,
மிச்சமெல்லாம் அதற்குத் தூசி.
இன்று எண்பது.
வெயிலில் அந்தச் சிவப்பு எண்ணை
கண்ணைச் சுருக்கி இரண்டு தரம் படித்தேன்.

பலா முடிந்துவிட்டது, கொளஞ்சிக்கு இப்போது சவுக்கு.
மேடை விளிம்பில் முன்சக்கரத்தை நிறுத்தி
ஹாரன் அடித்தான்.
"இறங்குண்ணே,
எடை தப்பா வரும்."