பத்து நாற்பது

பத்து நாற்பதுக்கு அது தொடங்கும்.

அதுவரை முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று என்று
சமர்த்தாகப் பச்சையில் இருந்த பிங்
மஞ்சளாகி, சிவந்து,
முந்நூற்றுப் பன்னிரண்டில் நின்று
என்னைப் பார்க்கும்.

என் திரையில் நான் ஓடிக்கொண்டிருப்பேன்,
கிடங்கைத் தாண்டி, படகுத்துறை தாண்டி,
அடிபட்டுக் கிடக்கும் லோகேந்திரனைத் தூக்க.
கிள்ளானில் இருக்கும் அவன் திரையிலோ
நான் சுவரில் முட்டிக்கொண்டு
நடந்தபடியே நிற்கிறேனாம்.
"என்னாலா நெத்திலி, செவுத்துக்கு முத்தம் குடுத்தது போதும்."
அது என் காதுக்கு வந்து சேர்வதற்குள்
இருவருமே செத்திருப்போம்.

ரூட்டரை அணைத்து முப்பது எண்ணினேன்.
எண்ணும்போது ஏனோ கண்ணை மூடிக்கொண்டேன்.
வைஃபையே வேண்டாமென்று
பதினைந்து மீட்டர் கேபிள் வாங்கிக்
கூடத்திலிருந்து அறைக்கு இழுத்தேன்.
குளியலறைக் கதவு இப்போது சாத்துவதில்லை.
உள்ளே போனால் தங்கை
விடாமல் பாடிக்கொண்டிருக்கிறாள், யாரும் வந்துவிடாதபடி.
சர்வரை மும்பைக்கு மாற்றினேன்,
சிங்கப்பூருக்கு, மறுபடி மும்பைக்கு.
போர்ட் ஒன்றைத் திறந்தேன்.
சரியான போர்ட்தானா என்று தெரியாமல்
இன்னும் நான்கைத் திறந்தேன்.
வாடிக்கையாளர் சேவைப் பெண் கேட்டாள்:
"பாக்ஸ்ல லைட் எரியுதா சார்?"
எரிகிறது.
"அப்போ நெட் வருது சார்."

கறுப்புத் திரையில் கட்டளை கொடுத்து
வழித்தடத்தைத் தேடினேன்.
முதல் தாவல் என் வீடு: ஒரு மில்லிநொடி.
இரண்டாம் தாவலுக்கு இருநூற்றெழுபது.
அது இன்னும் அயனாவரத்தைத் தாண்டவில்லை.
மூன்றாவதில் பதிலே இல்லை,
எண்கள் வரவேண்டிய இடத்தில் மூன்று நட்சத்திரக் குறிகள்.
இந்த ஊரில் ஒருசேர மூன்று பார்த்து நாளாயிற்று.

ஆக, கடலுக்கடியில் எல்லாம் சரி.
பின் தெருவில்தான் ஏதோ.

ஹயாத் பாஷா பகலில் மூன்று முறை வந்து
மூன்று முறையும் "சிக்னல் சூப்பர்" என்று
கையெழுத்து வாங்கிப் போனவர்.
இம்முறை இரவில் வரச் சொன்னேன்.
டார்ச்சும் முணுமுணுப்புமாக வந்தார்.
மொட்டைமாடியில் நின்றோம்.
எங்கள் தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி,
சந்தைக் கடந்து,
பின்வீட்டு மாடிமேல் தொய்ந்து,
கம்பத்துப் பெட்டிக்குப் போகிறது கறுப்பு இழை.

கீழே எங்கோ மோட்டார் உறுமி நின்றது.
பத்து நாற்பது.
எதிர் மாடிக்கு ஒரு பெண் வாளியோடு ஏறி வந்தாள்.
உதறினாள்.
முதலில் இரண்டு பள்ளிச் சீருடை.
பிறகு ஒரு போர்வை,
இரட்டைக் கட்டிலுக்கானது, சரியாகப் பிழியாதது.
என் முப்பத்தெட்டு அதன் கீழே மடங்கியது.

ஹயாத் பாஷா சிரிக்கவில்லை.
"உள்ள ஓடறது வெளிச்சம் சார்.
மடக்குனா வெளிய சிந்திடும்."
கையைக் குவித்துக் கத்தினார்:
"யக்கா, அது கேபிளு!"

"கொடின்னு இல்ல நெனச்சேன்" என்றாள் தேவிகலா.
(பெயர் பிறகு தெரிந்தது.)
"தண்ணி இப்பத்தானே வுடறான்,
எப்பத் தொவைக்கச் சொல்ற?"

போர்வை மட்டும் கைப்பிடிச்சுவருக்கு மாறியது.
அடுத்த வாரம் இழையை உயர்த்திக் கட்டுவதாகச்
சொல்லிப் போனார் ஹயாத் பாஷா.
அது ஐந்து வாரத்துக்கு முந்தைய அடுத்த வாரம்.
சீருடைகளுக்குத் தொண்ணூறு, நூறு ஆகிறது.
ஆடலாம்.

மூன்று நாளாகக் குழாயில் காற்றுதான் வந்தது.
மூன்று நாளும் முப்பத்தெட்டு.
எல்லா ஆட்டமும் ஜெயித்தோம்,
குளிக்காமல்.

நேற்றுப் பாதி ஆட்டத்தில், படகுத்துறையருகே,
திடீரென்று சிவந்தது: இருநூற்றெண்பது.
அவளும் பாவம், மூன்று நாள் அழுக்கு.

"எங்கலா போற நெத்திலி?"
லோகேந்திரன் பிந்திக் கேட்கும்போது
நான் நாற்காலியில் இல்லை.
கேபிளைத் தாண்டிப் போய்
எங்கள் குழாயடியில்
குடத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.